சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

எங்கள் தோட்டத்துப் பெரியம்மா ஒருவர் சென்ற மாதம் விமானச் சீட்டோடு என் வீட்டுக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு உடம்பு மோசமாம். பெரியம்மாவுக்கு இதுதான் முதல் விமானப் பிரயாணம்.

"வாத்தியாரே, ஏறுகிற நேரத்தையும் இறங்குகிற நேரத்தையும் பாருங்கள். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை! வீட்டிலேயே இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். சாப்பாட்டை மெட்ராசில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வருமே! உட்கார வைத்துக் கணக்குச் சொன்னேன்.

பாயான் லெப்பாசிலிருந்து சென்னை மீனம்பாக்கம் ஏறக்குறைய 2,370 கிலோமீட்டர். பறக்கும் நேரம் சுமார் நான்கு மணி. காலை 10 மணிக்குப் புறப்பட்டால் நம் கடிகாரப்படி பிற்பகல் 2 மணிக்கு இறங்குவோம். அப்போது சென்னையில் மணி 11.30தான். நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும். அங்கே 10 மணிக்கு ஏறினால் இங்கே இறங்கும்போது மாலை 4.30.

சூரியனைக் கேட்டால் இவ்வளவு வித்தியாசம் சொல்லாது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். இரண்டு ஊர்களுக்கும் நடுவே 20 பாகை. ஆகவே 80 நிமிடம்தான். சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக இருக்கட்டும் என்று 1982 சனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தையும் அரை மணி முன்னே தள்ளினார்கள். காலை 7 மணிக்கும் இங்கே இருட்டு முழுதாக விலகாததற்கு நம் கடிகாரம் சூரியனை முந்தி ஓடுவதே காரணம்.

விமானத்தில் இருக்கும் நேரம் மட்டும் பிரயாணம் ஆகிவிடாது. தோட்டத்திலிருந்து பாலம் கடந்து போக ஒரு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, பறக்க நான்கு, இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர ஒன்று. மொத்தம் ஒன்பது மணி நேரம்! ஒன்றரை மணியை நம்பி வெறும் வயிற்றோடு போகலாமா?

பெரியம்மாவை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எப்போது ஊசி, எப்போது சாப்பாடு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கைப்பையில் ரொட்டியும் மிட்டாயும் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

பெரியம்மாவின் தகப்பனார் 'ரஜூலா' கப்பலில் வந்தவர். ஊரில் தாயார் காலமானபோது தந்தி வந்தது. கப்பல் போய்ச் சேரப் பல நாள் ஆகும் என்று போகாமலே இருந்துவிட்டார். 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் பினாங்குக்கும் சென்னைக்கும் நேரடி விமானம் விட்டது. மகள் சுகமாகப் போய்த் தம் அக்காவின் கையைப் பிடித்துப் பேசிவிட்டு வந்தார்.

வாசகர்களே, சீட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம். மருந்து உண்பவர்கள் வீட்டில் இருந்தால், கழியும் மணிகளை எண்ணி, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.