ஆள் வரவில்லை என்போர் கவனத்திற்கு

பெங்களூரில் அண்மையில் வீடு புதுப்பித்த பேராசிரியர் ஒருவரின் இல்லத்திற்குச் செல்வோருக்குப் புதிய சமையலறை காட்டப்படுவதற்கு முன்பே ஒரு புகார்ப்பட்டியல் வாசிக்கப்படுகிறது. இரண்டு மாதம் என்ற மேஸ்திரி ஆறு மாதம் ஆக்கினார். டைல்ஸ் ஒட்டுபவர் பாதியில் ஊருக்குப் போனார். தச்சர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. இந்த ஊரில் நம்பகமான ஆளே கிடையாது. முறைசாராத் தொழில் பற்றி ஒரு பருவம் முழுவதும் வகுப்பெடுக்கக்கூடியவர்கள், தங்கள் குளியலறை என்று வந்தவுடன் பழைய தோட்டத்துரையின் சொற்களஞ்சியத்திற்குத் திரும்பிவிடுகிறார்கள்: சோம்பல், பொய், நன்றியின்மை.

இப்புகாரின் அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது. தாமதம் தொழிலாளியின் குணக்கேடு. ஆகவே சரியான ஆளைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்தவரை அபராத விதியால் கட்டிப்போடுவதுமே தீர்வு என்பது அக்கோட்பாடு. இது பிழையானது. வீட்டுப் புதுப்பிப்பில் தாமதத்தின் பெரும்பங்கு, முதல் சுவர் இடிபடுவதற்கு முன்பே, ஆள் அமர்த்தும் முறையிலேயே உருவாகிவிடுகிறது. அமர்த்துபவர் வீட்டு உரிமையாளர்.

மேஸ்திரி ஏன் ஒரே நேரத்தில் மூன்று வீடுகளில் வேலை எடுக்கிறார் என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். பழைய தளத்தை உடைத்து, இடிபாட்டை அகற்றி, சுவருக்குள் குழாயும் மின்கம்பிக் குழலும் பதித்த பிறகு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு வருகிறது. அது காய வேண்டும். காய்ந்தபின் தரையில் நீரைத் தேக்கி ஒன்றிரண்டு நாள் வைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சிமெண்டுப் பூச்சுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் நீராற்ற வேண்டும். அதன்பிறகே டைல்ஸ். டைல்ஸ் முடிந்த பின்னரே தச்சர் இறுதி அளவெடுக்க முடியும். அளவு போன பின்னரே பலகை வெட்டப்படும். இத்தனைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் காலை 9 அல்லது 10 மணிக்கு முன் சுத்தியல் ஓசை கூடாது, ஞாயிறு கூடாது, பொருளேற்ற இந்த மின்தூக்கிதான் என்று விதித்திருக்கும். ஆக, ஒழுங்காக நடக்கும் வேலையிலேயே கொத்தனாருக்கு வேலையற்ற நாள்கள் பல உண்டு.

இவற்றின்மேல் உரிமையாளரின் தயக்கம் வந்து சேர்கிறது. டைல்ஸ் எது என்று திங்கட்கிழமை சொல்வதாக இருந்தது. குடும்பத்தில் கருத்து வேறுபாடு. கடைக்கு மீண்டும் சனிக்கிழமைதான் போக முடியும். தேர்ந்த நிறம் இருப்பில் இல்லை. இவையெல்லாம் உரிமையாளரின் கணக்கில் 'யோசனை' என்று பதிவாகின்றன. எங்கும் 'தாமதம்' என்று பதிவாவதில்லை. மேஸ்திரியின் கணக்கு வேறு. இரண்டு கொத்தனாரையும் இரண்டு சித்தாளையும் ஐந்து நாள் சும்மா உட்கார வைத்தால் கூலி யார் தருவது? உரிமையாளர் தரப்போவதில்லை. கூலி இல்லையெனில் அந்த நால்வரும் வேறொரு மேஸ்திரியிடம் போய்விடுவார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆகவே அவர் அவர்களை இரண்டாவது வீட்டிற்கு மாற்றுகிறார். சனிக்கிழமை டைல்ஸ் வந்து இறங்கும்போது அங்கே வேலை பாதியில் நிற்கிறது. இந்த நொடியிலிருந்துதான் உரிமையாளரின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது: "பொருள் வந்துவிட்டது, ஆளைக் காணோம்." மூன்று வீடு வைத்திருப்பது மேஸ்திரியின் பேராசை என்று சொல்லப்படுகிறது. உண்மையில் அது அவர் எடுத்துக்கொண்ட காப்பீடு. எவர் வீட்டிலும் முடிவு எப்போது எடுக்கப்படும் என்று அவருக்குத் தெரியாது.

நாள்கூலிக்கு ஆள் வைத்தால் இந்த இழப்பு உரிமையாளர் தலையில் விழும். லேபர் காண்டிராக்ட் என்றால் மேஸ்திரி தலையில். பொருளும் கூலியும் சேர்த்த முழு ஒப்பந்தம் என்றால், மேஸ்திரி அதைப் பொருளின் தரத்தில் ஒளித்துவைப்பார். இழப்பு எங்கும் மறைவதில்லை, கை மாறுகிறது. நடுத்தர வர்க்கத்து உரிமையாளர் விரும்புவது முழு ஒப்பந்தத்தின் விலை உறுதி, நாள்கூலியின் கட்டுப்பாடு, லேபர் காண்டிராக்டின் சிக்கனம் ஆகிய மூன்றும் ஒருசேர. அப்படியொரு ஒப்பந்தம் சந்தையில் கிடையாது.

அதன்பின் தேர்வு. மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கிக் குறைந்த தொகைக்காரரை அமர்த்துவது விவேகம் என்று கருதப்படுகிறது. (கொள்முதல் குழுவில் அமர்ந்து எல்-1 முறையைச் சபிக்கும் அதே கைகள்தாம் வீட்டில் அதைக் கையாளுகின்றன.) வாங்குபவரால் தரத்தை அளக்க இயலாத சந்தையில் விலை மட்டுமே பேசும் என்பதையும், அங்கே நல்ல சரக்கு வைத்திருப்பவர் விலகிக்கொள்வார் என்பதையும் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்களைக் கொண்டு விளக்கினார். குழாயின் மூட்டு சுவருக்குள் புதைந்துவிடுகிறது. பூச்சின் தரம் இரண்டாம் மழைக்காலத்தில் தெரிகிறது. நீரைத் தேக்கிச் சோதிக்க இரண்டு நாள் சேர்த்து எழுதிய மேஸ்திரியின் மதிப்பீடு கூடுதல் நாளும் கூடுதல் தொகையும் காட்டும்; அதனாலேயே அவர் கழிக்கப்படுவார். எஞ்சுபவர் அந்த இரண்டு நாளை எழுதாதவர். பிறகு அவர் 'சொன்ன நாளில் முடிக்கவில்லை' என்று வருந்துவதில் பொருளில்லை: முடிக்க முடியாத நாளைச் சொன்னதால்தான் அவருக்கு அந்த வேலை கிடைத்தது.

கால மதிப்பீட்டில் மனிதர் எல்லோரும் தவறுகிறார்கள் என்பது ஆய்வாளர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55.5 நாள் ஆயிற்று. எல்லாம் கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோதுகூட அவர்கள் சொன்னது 48.6 நாள்தான். சமையலறையைப் புதுப்பித்த அமெரிக்கக் குடும்பங்கள் சராசரியாக 18,658 டாலர் எதிர்பார்த்து 38,769 டாலர் செலவழித்ததாக 2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்றை டேனியல் கானமன் எடுத்துக்காட்டுகிறார். அங்கும் எதிர்பார்ப்பைத் தவறாக வகுத்தவர் உரிமையாளரே. நம் பல்கலைக்கழகங்கள் இந்தப் பலவீனத்தைச் சட்டமாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது 3 ஆண்டு, மிகுந்தது 6 ஆண்டு. மறுபதிவின் வழியே மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டு. இந்த நீட்டிப்புகள் நியாயமானவை. குறிப்பேட்டில் எழுதிய காலத்தில் ஆய்வு முடியாததற்கு ஆய்வாளரின் ஒழுக்கத்தை யாரும் காரணம் சொல்வதில்லை. தளம், நிதி, உடல்நலம், நெறியாளர் என்று சூழல் ஆராயப்படுகிறது. அதே ஆய்வாளரின் வீட்டில் பத்து நாள் பிந்திய டைல்ஸ்காரருக்கு மட்டும் சூழல் இல்லை, குணம் மட்டுமே இருக்கிறது.

சூழல் எவ்வளவு வெளிப்படையானது என்பதற்கு 2024இன் முதற்பாதி போதும். அவ்வாண்டு மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் கட்டுமானத்திற்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. பூச்சுக்கு நீராற்ற லாரித் தண்ணீரையோ சுத்திகரித்த நீரையோ தேட வேண்டியதாயிற்று. அம்மாதம் 16ஆம் நாள் மக்களவைத் தேர்தல் அட்டவணை வெளியாயிற்று. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19. பெங்களூரில் ஏப்ரல் 26. ராய்ச்சூர், கலபுரகி உள்ளிட்ட வட கர்நாடகத்தில் மே 7. இடையில் ஏப்ரல் 9 உகாதி, 11 ரம்ஜான், 14 தமிழ்ப் புத்தாண்டு. தர்மபுரிக்காரக் கொத்தனாரும் ராய்ச்சூர்க்காரச் சித்தாளும் எப்போது ஊருக்குப் போவார்கள் என்பது மார்ச் மாதமே சுவர் நாட்காட்டியில் அச்சாகிவிட்ட செய்தி. அந்த மாதத்தில் சுவரை உடைத்துவிட்டு, ஏப்ரல் இறுதிக்குள் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள், மே மாதம் 'எதிர்பாராத தாமதம்' என்றார்கள். வாக்களிக்கும் உரிமையைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்களும் அவர்களுள் இருக்கக்கூடும்.

தொழிலாளர் ஊருக்குப் போவதைத் தாமதம் என்று பெயரிடும் பழக்கம் அதிகாரத்தோடு சேரும்போது என்ன ஆகும் என்பதையும் இந்நகரம் பார்த்திருக்கிறது. 2020 மே 5 அன்று முதலமைச்சர் எடியூரப்பா கட்டுமான நிறுவனத்தாரைச் சந்தித்தார். அன்றே, புலம்பெயர் தொழிலாளருக்கான சிறப்பு ரயில்களை மறுநாள் முதல் இயக்க வேண்டியதில்லை என்று மாநில அரசு தென்மேற்கு ரயில்வேக்கு எழுதியது. பணிகள் மீண்டும் தொடங்க வேண்டும், ஆள் வேண்டும் என்பதே அதன் தருக்கம். கண்டனம் எழுந்தபின் இரண்டொரு நாளில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. அன்று அதைக் கொத்தடிமை முறை என்று கண்டித்துக் கையெழுத்திட்டோர் கல்விப்புலத்தில் பலர். நியாயமான கண்டனம். எனினும், "வேலையை முடிக்காமல் எப்படி ஊருக்குப் போகலாம்?" என்று வீட்டு வாசலில் கேட்கப்படும் கேள்வியும், கூலிப் பாக்கியைப் பிடித்துவைத்து ஆளை நிறுத்த முயலும் வழக்கமும் அதே தருக்கத்தின் சிறு பதிப்புகள்தாம். அளவு வேறு, இலக்கணம் ஒன்று.

அபராத விதி இதற்கு மருந்தாகுமா? "தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு பிடித்தம்" என்ற வரி இப்போது சிறு ஒப்பந்தங்களிலும் தென்படுகிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அத்தொகையை அப்படியே வழங்கிவிடாது. அதை உச்சவரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கும். நடைமுறையில் அந்த வரியின் பயன் நீதிமன்றத்தில் இல்லை, கடைசித் தவணையைக் கொடுக்காமல் இருப்பதற்கான சாக்கில் இருக்கிறது. கடைசித் தவணை வராது என்று அறிந்த மேஸ்திரி, கடைசிச் சில்லறை வேலைகளுக்கு வருவதில்லை. அவர் வராததால் தவணை தரப்படுவதில்லை. பிடித்தத்தின் சுமையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரோடு நிற்பதில்லை. எந்தத் தாளிலும் பெயரில்லாத சித்தாளின் வாரக்கூலியில் போய் இறங்குகிறது. டைல்ஸின் நிறம் பற்றிய விவாதத்தில் அவருக்கு ஒரு சொல்கூட இருந்ததில்லை.

ஏமாற்றும் ஒப்பந்ததாரர்களும் இருக்கிறார்களே என்பது வலுவான மறுப்பு. இருக்கிறார்கள். முன்பணம் வாங்கி மறைந்தவரையும், போலிக் கம்பியைச் சுவருக்குள் வைத்தவரையும் காப்பாற்ற இங்கே வாதம் எதுவும் இல்லை. அத்தகையோருக்கு எதிராக உரிமையாளரிடம் கருவிகள் இருக்கின்றன. வீடு கட்டித்தருதல் ஒரு சேவை, அதில் தாமதம் குறைபாடு என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993லேயே கூறிவிட்டது. நுகர்வோர் ஆணையம் மாவட்டந்தோறும் உள்ளது. மறுபக்கம் பாருங்கள். 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், சொந்த வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்தும் தனிநபரை, செலவு 10 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, 'நிறுவனம்' என்ற வரையறையிலிருந்து விலக்கியது. 2020இல் இயற்றப்பட்ட தொழிற்சட்டத் தொகுப்புகள் அந்த வரம்பை 50 லட்சமாக்கின. ஆக, பெங்களூரின் அடுக்குமாடிப் புதுப்பிப்புகளில் மிகப் பலவற்றில் உரிமையாளர் சட்டப்படி நுகர்வோர் ஆகலாம். முதலாளி மட்டும் ஆவதில்லை. தாமதத்திற்கு இழப்பீடு கேட்க அவருக்கு வழியுண்டு. அவர் உண்டாக்கிய தாமதத்திற்கு அவரிடம் இழப்பீடு கேட்க யாருக்கும் எளிய வழியில்லை. இது இந்தியாவின் தனிக்குறையும் இல்லை. கட்டுமானத் துறையில் தவணைமுறைப் பணத்தை உரிமையாக்கிய பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுச் சட்டமும், தான் குடியிருக்கும் வீட்டில் வேலை செய்விப்பவரை விலக்கியே வைத்திருக்கிறது.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில செயல்கள் உள்ளன. குழாய், டைல்ஸ், மின்புள்ளி எல்லாவற்றையும் தேர்ந்து, பொருள் கைக்கு வந்தபின் சுவரை உடைப்பது முதலாவது. மேஸ்திரி சொல்லும் நாளைவிட, அவர் கடைசியாக முடித்த மூன்று வீடுகள் உண்மையில் எத்தனை நாள் எடுத்தன என்று அந்த வீட்டாரிடம் கேட்டறிவது பயன் தரும். வேலை அளந்து முடிந்த அன்றே அதற்குரிய தவணையைக் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தத்தில் தாமதப் பிடித்தம் எழுதுவோர், பக்கத்திலேயே இன்னொரு வரியையும் எழுதட்டும்: உரிமையாளர் முடிவெடுக்காததால் வேலை நிற்கும் நாளுக்கு, வந்து நிற்கும் ஆள்களின் கூலி முழுமையாக வழங்கப்படும். அந்த வரியை எழுதத் தயங்கும் கை, முதல் வரியையும் எழுதக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. நலவாரியத்தில் பதிய, கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். புதுப்பிப்பு வேலையில் அந்த 90 நாள் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. இந்த வீட்டில் 6, அந்த வீட்டில் 11 என்று சிதறிக் கிடக்கும். மேஸ்திரி கேட்கும்வரை காத்திராமல், யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று பெயரோடு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க ஒரு தாள் போதும்.