காயலான் கடைக்குப் போகும் ஹோம் தியேட்டர்

வீடு மாற்றும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கறுப்பு நிறம், பின்பக்கம் முழுக்கத் துளைகள், இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினால்தான் நகரும் கனம். 2010 வாக்கில் அரை லட்சம் கொடுத்து வாங்கிய ஹோம் தியேட்டர் ரிசீவர் அது. ஏழு ஸ்பீக்கர்களை ஓட்டும். இன்றைக்கும் ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, பாட்டு பாடுகிறது. விற்கலாம் என்று விளம்பரம் கொடுத்தால், கேட்க வருபவர் சொல்லும் தொகையில் வீட்டுக்காரரின் முகம் சுருங்கிவிடுகிறது. கடைசியில் காயலான் கடையில் எடைக்குப் போடலாமா என்று பேச்சு வருகிறது. உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்காவது காசு கிடைக்குமே!

பழைய ஹை-ஃபை சாமான்களின் விலை விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் விற்க வந்தவர்கள். பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இதற்கு முன் இருந்ததில்லை. ஆனால் எல்லாமும் ஒரே மாதிரி விழவில்லை. எது விழுந்தது, எது நின்றது, எது ஏறியது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தச் சந்தையின் போக்கு பிடிபடும்.

அதிகமாக அடி வாங்கியவை இந்த ரிசீவர்கள்தான். அவற்றின் ஒலியில் குறை ஒன்றும் இல்லை. வினையெல்லாம் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில். 2009-ல் அதன் 1.4 பதிப்பு வந்தது. 2013-ல் 2.0. 2017-ல் 2.1. இடையில் டிவி 4கே ஆனது, பிறகு எச்டிஆர் சேர்ந்துகொண்டது. புது டிவிக்கும் புது பிளேயருக்கும் நடுவில் 2010-ம் வருஷத்து ரிசீவரை வைத்தால், இருக்கிற படத்தைக்கூட முழுசாகக் கடத்தத் தெரியாமல் அது முழிக்கிறது. 2014-ல் டால்பி அட்மாஸ் தியேட்டரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் இன்னொரு அடி விழுந்தது. படத்தைக் கடத்தும் வேலையையும் ஒலியைப் பெருக்கும் வேலையையும் ஒரே பெட்டியில் அடைத்தார்கள்; முதல் வேலை நாலு வருஷத்தில் பழசானதும் இரண்டாவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அதே பெட்டியின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக வட்டத் துளைகள் வரிசையாக இருக்கும். அந்த ஆர்சிஏ பின் அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி 1930-களில் கொண்டுவந்தது. இன்று காலை கடையில் வாங்கிய வயர் அதில் கச்சிதமாக உட்காரும். ஸ்பீக்கர் இன்னும் கொஞ்சம் மூத்தது. காந்தத்துக்கு நடுவில் ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய கூம்பு, கரண்ட் ஏற இறங்கக் கூம்பு முன்னும் பின்னும் ஆடுவது என்ற முறையை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் 1925-ல் விளக்கினார்கள். நூறு வருஷம் ஆகியும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அந்த வழியிலேயே பாடுகின்றன. எழுபதுகளின் நல்ல ஸ்பீக்கர் இன்றைக்கும் விலைபோவதற்கும், பத்து வருஷத்து ரிசீவர் விலைபோகாததற்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

டிஜிட்டல் பெட்டிகளின் கதை இன்னும் பரிதாபம். உலகின் முதல் சிடி பிளேயரான சோனி சிடிபி-101, 1982 அக்டோபரில் ஜப்பானில் 1,68,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. எண்களை ஒலியாக மாற்றும் டாக் சில்லுதான் அந்தக் காலத்தில் ராஜா. அதன் பெயரைச் சொல்லியே பிளேயர் விற்றார்கள், அதற்கென்றே தனிப் பெட்டிகள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயின. அதே வேலையைச் செய்யும் சில்லு இன்று 9 டாலர் ஆப்பிள் ஹெட்போன் அடாப்டரின் முனையில், நகத்தளவு இடத்தில் அடங்கிவிட்டது. கருவி வைத்து அளந்தவர்கள், அதன் பிசிறு மனிதக் காதுக்கு எட்டாத அளவில் இருக்கிறது என்றே கண்டார்கள். இது தெரிந்த பிறகு, இருபது வருஷத்துக்கு முந்தைய டாக் பெட்டிக்கு யார் பெரிய தொகை கொடுப்பார்? அலுமினிய முகப்பின் அழகுக்காக வேண்டுமானால் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த உலகத்தில் விலையும் ஒரு ருசி.

முத்திரை குத்தி விற்ற சரக்குக்கு என்ன ஆகும் என்பதற்கு எம்க்யூஏ நல்ல உதாரணம். ஸ்டுடியோ தரம் சின்ன ஃபைலில் அடங்கும் என்று சொல்லி 2014 இறுதியில் அறிமுகமானது. அதை முழுசாக விரித்துக் கேட்க உரிமம் பெற்ற டாக் வேண்டும்; அந்த முத்திரைக்காகவே பெட்டியை மாற்றியவர்கள் உண்டு. 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. 2024 ஜூலையில் டைடல் பாட்டுச் சேவையும் அதைக் கைவிட்டது. இதற்கு நடுவே, 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் கூடுதல் காசு வாங்காமலே குறையாத தரத்தில் பாட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. முத்திரை போட்ட பெட்டிகள் இப்போது சாதாரணப் பெட்டிகளாகக் கைமாறுகின்றன.

கொரோனா ஊரடங்கு இந்தச் சரிவைக் கொஞ்ச காலம் மறைத்து வைத்திருந்தது. தியேட்டர் இல்லை, கச்சேரி இல்லை, கையில் செலவழிக்காத பணம். எல்லாரும் வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கினார்கள். சில்லுத் தட்டுப்பாட்டால் புதுசு கிடைக்காதபோது பழசுக்கு மவுசு ஏறியது. அந்த வேகத்தை நிரந்தரம் என்று நம்பியவர்களில் சாதாரண ஆட்கள் மட்டும் இல்லை. நோயாளியின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவி செய்கிற மாசிமோ என்ற அமெரிக்கக் கம்பெனி, டெனான், மராண்ட்ஸ், போவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் போன்ற பெயர்களை வைத்திருந்த சவுண்ட் யுனைடெட் நிறுவனத்தை 2022-ல் சுமார் 102.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2025-ல் அதை சாம்சங்கின் ஹர்மனுக்கு 35 கோடி டாலருக்கு விற்றது. மூன்று வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு போச்சு. செகண்ட் ஹேண்ட் ரிசீவர் விற்றவர் பட்ட நஷ்டத்தை ஒரு கம்பெனியே பட்டிருக்கிறது என்றால், தெருவில் விற்பவர் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இதே ரிசீவர்களுக்குப் பேர்போன ஒன்கியோவின் வீட்டு ஒலிச் சாதன நிறுவனம் 2022 மே மாதம் ஒசாகாவில் திவால் மனு கொடுத்தது.

தேவை குறைந்தது பாதிக் கதை. சரக்கு பெருகியது மீதி. மேல்நாடுகளிலும் ஜப்பானிலும் எழுபது, எண்பதுகளில் ஆசை ஆசையாக செட் சேர்த்தவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிறார்கள். சிலர் போயே சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டிகள் வேண்டாம். ஜப்பானின் நிலைமை வேடிக்கை கலந்தது. எண்பதுகளில் அங்கே ஒரு ஸ்பீக்கர் 59,800 யென் என்ற விலையைப் பிடித்துக்கொண்டு கம்பெனிகள் மல்லுக்கட்டின. விலையை ஏற்ற முடியாது. ஆகவே எடையை ஏற்றினார்கள். ஒரு பெட்டி 30 கிலோவைத் தொட்டது. கனமாக இருந்தால் உசத்தி என்று வாங்கியவர்கள் நம்பினார்கள். இன்று அதே கனம்தான் விற்பதற்கு இடைஞ்சல். மூன்றாவது மாடியிலிருந்து இறக்குவதற்கு ஆள் கூலி கொடுத்தால் விற்ற காசு கரைந்துபோகும்.

அங்கே பழைய சாமான் வாங்கி விற்கும் ஹார்ட் ஆஃப் என்ற கடைச் சங்கிலி புகழ்பெற்றது. அதன் முதல் கடை 1993-ல் நீகாத்தாவில் திறந்தது. அதை நடத்தும் நிறுவனம் 1972-ல் தொடங்கியபோது புது ஆடியோ செட் விற்கும் கடை. புதுசு விற்றுப் பிழைத்தவர்களே பழசு வாங்கிப் பெரிய ஆளானார்கள்.

விலை ஏறிய சாமான்களும் உண்டு. தயாரிப்பு நின்றதுதான் அவற்றுக்கெல்லாம் பொதுவான ஜாதகம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் 1972-ல் பிறந்தது. 2010-ல் பானசோனிக் அதை நிறுத்தியதும் பழசின் விலை தாவியது. 2016-ல் திரும்பக் கொண்டுவந்தபோது புதிதின் விலை சுமார் 4,000 டாலர் என்று வைத்தார்கள். பழசு வைத்திருந்தவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டார்கள். ஓப்போ 2018 ஏப்ரலில் டிஸ்க் பிளேயர் தொழிலை விட்டு விலகியது. அதன் யுடிபி-205, 1,299 டாலருக்கு விற்ற சாமான், பிறகு கைமாறியபோது அதையும் தாண்டிப் போனது. 1978-ல் வீட்டு ஸ்பீக்கராக வந்து எடுபடாமல் போன யமஹா என்எஸ்-10, ஸ்டுடியோக்காரர்கள் கையில் உலகப் புகழ் பெற்றது. அதன் வெள்ளைக் கூம்புக்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்காமல் 2001-ல் நிறுத்தினார்கள். ரெக்கார்டும் திரும்ப வந்துவிட்டது. அமெரிக்காவில் 2022-ல் சுமார் 4 கோடியே 10 லட்சம் எல்.பி. ரெக்கார்டுகள் விற்றன, சிடி 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் ரெக்கார்டு முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை. ஆனால் இதையெல்லாம் பார்த்து முதலீடு என்று பெட்டி வாங்கிக் குவிப்பது வீண் ஆசை. எது நிற்கும், எது ஏறும் என்று முன்கூட்டிச் சொன்னவர் எவரும் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். வெளிநாட்டில் விலை விழுந்தது என்பதற்காக அங்கிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிட முடியாது. பழைய வீட்டுச் சாதனங்களின் இறக்குமதிக்கு இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு. ஆகவே இங்கே சுற்றுவது ஏற்கெனவே உள்ளே வந்த சரக்கு. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் சொந்தக்காரர் கொண்டுவந்தது, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது, கொல்கத்தாவின் சோனோடைன், நம்மூர் அசெம்பிள் ஆம்ப். சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால் 60 அல்லது 90 நிமிஷ கேசட்டில் பதிந்து தந்த ரெக்கார்டிங் சென்டர்களில், அந்த ஊரிலேயே சிறந்த டெக்கும் டர்ன்டேபிளும் இருந்தன. அந்தக் கடைகள் மொபைல் கடைகளாக மாறியபோது உள்ளே இருந்த சாமான்கள் மூலைக்குப் போயின.

இங்கே ஒரு பெட்டியின் விலையை உண்மையில் தீர்மானிக்கிறவர் மெக்கானிக். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்துபோகும். டெக்கின் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்ளும். வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் பதினைந்து, இருபது வருஷத்தில், கடலோர ஊரென்றால் அதற்கும் முன்பே, தொட்டால் உதிரும். எல்லாம் சரிசெய்யக்கூடியவை, சரிசெய்கிற கைகள்தான் குறைந்து வருகின்றன. பழைய செட்டுகளில் பரவலாக இருந்த சான்யோவின் எஸ்டிகே ஐசி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் இப்போது அபூர்வம். அதே பெயர் அச்சடித்த போலி தாராளம். போலியைப் போட்டால் ஒரு மாதம் ஓடி, போகும்போது ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். நல்லதைப் பார்த்தே கண்டுபிடிக்கிற மெக்கானிக் ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வயர் மாற்றுகிறவர்கள் அவருக்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் பேரம் பேசுவது என்ன நியாயமோ!

வாங்கப் போகிறவர்கள் தெரிந்த பாட்டு ஒன்றை போனில் எடுத்துக்கொண்டு போகட்டும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கரில் காதை வைத்தால் உறுமல் இருக்கிறதா என்று தெரியும். பேலன்ஸ் குமிழை இடமும் வலமும் முழுக்கத் திருப்பினால் ஒரு பக்கம் செத்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேட்கச் சம்மதிக்காத வியாபாரியிடம் வாங்காமல் வருவதே லாபம்.

பரணில் ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எடைக்குப் போடும் முன் எச்டிஎம்ஐ என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள். போனில் ஒரு ஹெட்போன் அடாப்டரைச் செருகி, அதிலிருந்து சிவப்பு வெள்ளை வயரை ரிசீவரின் பின்னால் சிடி என்று எழுதியிருக்கும் துளைகளில் மாட்டுங்கள். ஏழு ஸ்பீக்கர் வேண்டாம், முன்னால் வைக்கிற இரண்டு போதும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இப்படி ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைப் புதிதாக வாங்கப் போனால் என்ன விலை என்று ஒருமுறை கடையில் விசாரித்துவிட்டு, பிறகு காயலான் கடைக்காரரைக் கூப்பிடலாம்.