சாரணியர் வகுப்பை நாலு மணிக்கு மேல் வைக்காதீங்க



1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் அணிவகுப்பு நடந்தது. அது ஆண் பிள்ளைகளுக்கானது. கூப்பிடாமலே சில பெண் பிள்ளைகளும் போய், எங்களையும் சேர்த்துக்கோங்க என்று நின்றார்களாம். பேடன் பவல் தன் தங்கை ஆக்னஸைக் கொண்டு 1910-ல் சாரணியர் இயக்கம் தொடங்கினார். அடுத்த வருஷமே ஜபல்பூருக்கு வந்துவிட்டது.

நம் பள்ளியிலும் இந்த வருஷம் நிறைய செய்தோம். மரக்கன்று நட்டோம், பிப்ரவரி 22 சிந்தனை நாள் கொண்டாடினோம். எனக்குப் பிடித்தது முதலுதவிதான். ரீஃப் முடிச்சு தட்டையாகப் படியும், அதனால் காயக்கட்டில் உறுத்தாது. வீட்டிலும் உதவும்.

ஆனால் ஜூனில் மூன்று அணி இருந்தோம், இப்போது ஒரே அணி. "பொண்ணுங்களுக்கு ஆர்வம் இல்லை"ன்னு சொல்றாங்க. அது சரியில்லை. ஆம்பூர்ப் பக்கம் பாதி அம்மாக்கள் ஷூ கம்பெனி வேனில் வீடு திரும்ப ஏழு மணி ஆகுது. ஓவர்டைம் இருந்தால் இன்னும் லேட். அதுவரை தம்பி தங்கச்சியைப் பார்ப்பது, தண்ணி பிடிப்பது, உலை வைப்பது யார்? நாங்கதான். அண்ணன்மார் கிரிக்கெட் ஆடிட்டு வரலாம், அது வேற கதை.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. தானே? (அதையும் கணக்குக்கு வாங்கிக்கிறாங்க!) அந்த நேரத்தில் சாரணியர் வகுப்பு வைத்தால் எல்லாரும் வருவோம். கயிறும் முக்கோணத் துணியும் பீரோவில் தயாரா இருக்கு. வர்ற வெள்ளியே தொடங்கலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி