சட்டம் போட்டும் நிற்காத சிரிப்பு

திருக்காட்டுப்பள்ளியில் இருந்து கல்லணை வழியாகப் போனால் திருச்சி அதிக தூரம் இல்லை. அறுவடை முடிந்து, நெல் பத்தாயத்துக்குப் போன பிறகு, காவிரிக் கரைக் கிராமத்தார் வண்டி கட்டிக்கொண்டு நாடகம் பார்க்கப் போன காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து மேடைகளில் சர்க்காரையே கலக்கிய ஒரு மனிதர் இருந்தார். அவர்தான் எம்.ஆர். ராதா.

இன்று நகரங்களில் இளைஞர்கள் தனியாக மேடை ஏறுகிறார்கள். கையில் ஒரு மைக். எதிரே கூட்டம். ஊர் நடப்பைப் பேசிச் சிரிக்க வைக்கிறார்கள். இதற்கு 'ஸ்டாண்ட்-அப் காமெடி' என்று பெயர். ஏதோ சீமையில் இருந்து வந்த புதுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நம் தாத்தாக்கள் காலணா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பார்த்த வித்தைதான் இது!

மீனுக்காக ஓடிய சிறுவன்

ராதா 1907ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். சிறு வயதில் வீட்டில் மீன் துண்டுக்காகத் தாயாரிடம் சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போனார் என்று சொல்வார்கள். ஓடியவர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு அதோடு சரி. நடிப்பு, மின்சார வேலை, மோட்டார் ஓட்டுவது எல்லாவற்றையும் கம்பெனியிலேயே கற்றார்.

பிறகு சொந்தமாக நாடகக் குழு வைத்தார். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக் கண்ணீர்' அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. நம் தஞ்சைச் சீமைக்காரர் எழுதிய நாடகம் அது. 1954இல் அது சினிமாவாகவும் வந்தது. கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ட் செய்தார்கள். சீமையில் படித்துத் திரும்பிய மோகனசுந்தரம், தாயை மதிக்கவில்லை. மனைவியை ஒதுக்கினான். தாசி வீடே கதி என்று கிடந்தான். முடிவில் நோயாளியாகித் தெருவில் நின்றான். அந்த மோகனசுந்தரமாக ராதா கட்டைக் குரலிலும் கீச்சுக் குரலிலும் மாறி மாறிப் பேசியதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

சினிமாவில் பேசியது பேசியதுதான். மேடையில் அப்படி இல்லை. நேற்றுப் பேசிய வசனம் இன்று இருக்காது. காலையில் பத்திரிகையில் வந்த செய்தி ராத்திரி அவர் வாயில் வரும். சாமியார், மந்திரி, பணக்காரர் யாரையும் விட மாட்டார். கொட்டகையில் எவராவது எதிர்த்துக் குரல் கொடுத்தால் அவருக்கும் உடனே பதில் கிடைக்கும்.

தடையும் தந்திரமும்

ராமாயணத்தைக் கேலி செய்து அவர் நாடகம் போட்டார். பக்தர்கள் மனம் கொதித்தது. கொதித்ததில் வியப்பில்லை. வீட்டில் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவருக்கு அது வேடிக்கையாகத் தோன்றுமா? ஆனால் ராதா யாரையும் ஏமாற்றி உள்ளே இழுக்கவில்லை. மனம் புண்படும் என்று நினைக்கிறவர்கள் வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நாடகத்தைத் தடுத்தார்கள். அவர் பெயரை மாற்றி வேறு ஊரில் நடத்தினார். வழக்கு வந்தது. கோர்ட்டுக்கும் போனார், கொட்டகைக்கும் போனார்.

1954இல் சென்னை ராஜ்யத்தில் நாடகச் சட்டம் ஒன்று வந்தது. வெள்ளைக்காரன் 1876இல் போட்ட சட்டத்தின் தம்பி அது. நாடகத்தின் கதை வசனத்தைக் காட்டு என்று அதிகாரிகள் கேட்கலாம். ஆட்சேபகரமானது என்று தோன்றினால் தடுக்கலாம். ராதாவை மனத்தில் வைத்தே இந்தச் சட்டம் வந்தது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

இங்கேதான் சங்கடம். மேடையில் நின்ற இடத்தில் பிறக்கிற வசனத்தை எந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது? எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசினால் அது ராதா நாடகமா?

அந்தச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை ஐகோர்ட் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. அதனால் தொல்லை ஒழிந்ததா? 2021 புத்தாண்டு அன்று இந்தூரில் முனவர் பாரூக்கி என்ற இளைஞரை நிகழ்ச்சி நடக்க இருந்த இடத்திலேயே பிடித்தார்கள். சுப்ரீம் கோர்ட் ஜாமீன் தந்து அவர் வெளியே வருவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிடிக்காத பேச்சுக்குப் போகாமல் இருக்கலாம், எழுந்து போகலாம், பதிலுக்கு மேடை போட்டுப் பேசலாம். ஜெயில் எதற்கு?

ராதாவும் ஜெயிலுக்குப் போனார். அது வேறு கதை. 1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைத் துப்பாக்கியால் சுட்டார். தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் கெட்டது. ராதா தண்டனை அடைந்தார். மேடையில் பேசியதற்காக அவர் பக்கம் நிற்கிறவர்கள் இந்தக் குற்றத்தை மூடி மறைக்கத் தேவையில்லை. 1979 செப்டம்பரில் திருச்சியில் அவர் காலமானார்.

ஒரு குறை

'ரத்தக் கண்ணீர்' பற்றி நமக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரியவர்களைக் கண்டு பயப்படாத ராதா, அந்த நாடகத்தில் ஊரில் இருந்த ஒரு பழைய பயத்தை அப்படியே விட்டுவிட்டார். தப்பு வழியில் போனவனுக்குத் தண்டனையாகக் குஷ்டம் வருகிறது. ஜனங்கள் சிரித்தார்கள், அழுதார்கள். நோயாளியைக் கண்டால் பாவி என்று ஒதுங்கவும் செய்தார்கள்.

தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1873இலேயே நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். தாசி வீட்டுக்குப் போனதால் வருகிற நோய் அல்ல அது. குழந்தைக்கும் வரும், கோயில் குருக்களுக்கும் வரும். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து வாங்கலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதை நீக்க 2019 வரை ஆனது!

1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகிறது. சிகிச்சை தொடங்கியவுடன் மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்தும் போய்விடுகிறது. வீட்டில் யாருக்காவது தோலில் வெளிறிய தேமலோ சிவந்த தேமலோ இருந்து, தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மாத்திரைக்குக் காசு கிடையாது.