கருவேலம் வேறு! சீமைக் கருவேலம் வேறு!

அரிவாளை ஓங்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெட்டப்போவது எந்த மரம் என்று தெரியுமா?

தூத்துக்குடியில் உப்பளத்து ஓரம், கண்மாய்க் கரை, தரிசு நிலம் எங்கு பார்த்தாலும் முள் மரம். "எல்லாம் உடை மரந்தானே!" என்கிறார்கள் பலர். அது தவறு. சில நம் மண்ணில் பிறந்தவை. மற்றது, கடல் கடந்து வந்த சீமைக் கருவேலம்.

வந்த கதை

இதன் தாயகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்காக வளர்த்தார்கள். இனிப்பான காயை ஆடுமாடுகள் தின்றன. சாணத்தோடு விதை ஊரெங்கும் பரவியது. இன்று அது நிற்கும் இடத்தில் புல்கூடத் தலையெடுக்க முடிவதில்லை.

அடையாளம் என்ன?

பூவைப் பாருங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. சீமைக் கருவேலத்தின் பூ விரல்போல் நீளம்.

காயைப் பாருங்கள். நாட்டுக் கருவேலங்காய் பாசிமணி கோத்ததுபோல் இருக்கும். சீமைக் காய் பயற்றங்காய்போல் நீண்டு, பழுத்தால் மஞ்சளாகும்.

தேரி மணலில் குடை விரித்தாற்போல் நிற்பதே உண்மையான உடை மரம். அதன் பூ வெள்ளை உருண்டை. கோவில்களில் நிற்கும் வன்னி மரத்தின் பூவும் நீளந்தான். ஆனால் அதன் முள் சிறியது. கிளை நெடுக ஆங்காங்கே இருக்கும். சீமைக் கருவேலத்தின் முள் இலைக் கணுவில் இருக்கும்.

நாட்டு மரத்தின் தழையை ஆடு விரும்பித் தின்னும். சீமைத் தழையை அது தொடுவதில்லை. ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும் பாடம் இது!

நாம் சொல்வது

2017-ல் மதுரை ஐகோர்ட்டுக் கிளையின் உத்தரவுப்படி, சீமைக் கருவேலத்தை வெட்டும் வேலை மும்முரமாக நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது. 2022-ல் தமிழக அரசு, அந்நியச் செடிகளை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

அகற்றுவது நல்லதே. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக்கூடாது. முதலில் நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறி போடவேண்டும். பிறகு மற்றதை வேரோடு பிடுங்கவேண்டும். வெறுமனே வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். அந்த இடத்தில் உடனே நம் மரக்கன்றை நடவேண்டும்.

இன்னொன்று. விளாத்திகுளம் பக்கம் பல ஏழைக் குடும்பங்களுக்குக் கரிமூட்டந்தான் சோறு போடுகிறது. மரம் பிடுங்கும் வேலையையும் கன்று வளர்க்கும் வேலையையும் அவர்களுக்கே கொடுக்கலாமே!

களையைப் பிடுங்குகிறவன் பயிரையும் சேர்த்துப் பிடுங்கலாமா?