சில மணி நேரம்தானே?

இணையம் போனால் சில மணி நேரத்தில் வந்துவிடும், அதற்கு மாற்று ஏற்பாடெல்லாம் வீண் செலவு என்கிறார்கள் சிலர். டோங்கா மக்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். 2022 ஜனவரி 15-ல் எரிமலை வெடித்து, நாட்டை உலகோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. முக்கியத் தீவுக்கே கேபிள் இணைப்பு திரும்ப ஐந்து வாரம். வெளித்தீவுகளுக்கு ஓராண்டுக்கு மேல். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்தை நம்பியிருக்கும் நாடு அது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2016 டிசம்பர் 12, சென்னை, வர்தா புயல். செல்லாநோட்டு அறிவிப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம்மில் பணம் இல்லை. மின்சாரமும் இணையமும் போன கடைகளில் கார்டு தேய்க்கும் மெஷின் ஊமை. பர்ஸில் இரண்டாயிரம் ரூபாய்த் தாள் இருந்தவருக்கும் பால் பாக்கெட் வாங்கச் சில்லறை இல்லை. பழகிய முகத்துக்குக் கடன் எழுதும் அண்ணாச்சியின் நோட்டுக்கு மட்டும் சிக்னல் தேவைப்படவில்லை.

செலவு என்று அலறுவதும் மிகைதான். இணையமில்லாத சாதாரண போனிலேயே *99# அடித்துப் பணம் அனுப்பலாம். டவர் படுத்துவிட்டால் அதுவும் இல்லை. அப்போதைக்குக் கல்லாவில் கொஞ்சம் சில்லறை, கார்பன் தாள் வைத்த பில் புத்தகம். இரண்டாவது இணைப்பு வாங்கும் நிறுவனங்கள் அது வரும் வழியையும் விசாரிக்க வேண்டும். இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் கிடந்தால், பொக்லைன் ஒரு வாளி அள்ளும்போது இரண்டும் போய்விடும்.