அயல்நாட்டுத் தெருவோர உணவு

அயல்நாடு செல்வோர் பலர், மாடமாளிகைகளைக் கண்டு, பெரிய விடுதிகளில் உண்டு மீள்வர். தெருவோரக் கடைகளோ அவர்க்கு அழுக்கின் உறைவிடம். அன்றேல் வெறும் வேடிக்கைப் பொருள். இவ்விரு நோக்கும் பிழையென்பதே எம் கருத்து.

சிங்கப்பூரை நோக்குக. ஆங்கு முன்னாளில் உணவு விற்போர் தெருவெங்கும் நிறைந்திருந்தனர். குழாய்நீரும் வடிகாலும் இன்மையால் நோயச்சமும் உடனிருந்தது. அரசினர் அத்தொழிலை ஒழித்தாரல்லர். 1971 முதல் 1986 வரை, நீரும் வடிகாலும் கூரையும் அமைந்த பொது உணவங்காடிகளில் அவர்களைக் குடியேற்றினர். விளைவு யாது? 2016இல், சீனர்பேட்டை அங்காடியிலுள்ள ஒரு சிறு கடை, கோழிச்சோறு சமைத்தே மிஷலின் உணவுக் கையேட்டின் நட்சத்திரம் பெற்றது. 2020இல் யுனெஸ்கோ மன்றம் அவ்வங்காடிப் பண்பாட்டை மனிதகுல மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. தேக்கா அங்காடியில் தமிழர் தோசையும் சீனர் கோழிச்சோறும் ஒரே கூரையின்கீழ் விற்கப்படுகின்றன. உண்போர் இனவேறுபாடின்றி அடுத்தடுத்து அமர்கின்றனர். ஒரு நாட்டு மக்களை அறிய இதனினும் சிறந்த பள்ளி உண்டோ?

அழுக்கிற்குக் காரணம் வறியோர் கையன்று, நீரின்மையே. ஆதலின் அன்பர்காள், அயல்நாடு செல்லுங்கால் ஆங்கமர்ந்து உண்பீராக. மீண்டபின், நம்மூர்த் தெருவோர இட்டலிக் கடையைப் பழிக்குமுன், அதற்கொரு குழாயேனும் அளித்தோமா என நம்மை நாமே வினவுவோமாக.